ஒரு முழு நிமிடம்

மார்ச் 4, இரவுப் பணி

நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருபவரைவிட, அப்படிச் சொல்லாமல் வருபவரிடம்தான் எனக்கு அச்சம் அதிகம். மேல்வயிறு எரிகிறது, குமட்டுகிறது என்று வந்த ஓர் அம்மாவின் சீட்டில் ‘அசிடிட்டி’ என்று முன்பே எழுதப்பட்டிருந்தது. ஆனால் அவருக்கு நெடுநாள் சர்க்கரை நோய். குளிர்ந்த அறையிலும் கழுத்தோரம் வியர்வை கோத்து நின்றது. சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பின்போது நெஞ்சுவலி தெரியாமலே போகலாம் என்பதால், வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்தேன். இதயத்தை வெவ்வேறு கோணங்களில் பதியும் லீடுகளில் இரண்டு, மூன்று, ஏவிஎஃப் ஆகியவற்றில், வரைகோட்டின் எஸ்டி பகுதி மேலெழும்பியிருந்தது: இதயத்தின் அடிச்சுவருக்கு இரத்தம் தரும் குழாயில் அடைப்பு. வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருந்தால் நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை இரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும் என்பதால், மருத்துவர் வருவதற்குள் வலப்பக்க லீடுகளையும் எடுத்து வைத்தேன். இரண்டு கைகளிலும் அழுத்தம் பார்த்தேன். பெரிய வேறுபாடு இருந்திருந்தால் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாயான மகாதமனியின் கிழிசலை நினைக்க வேண்டியிருந்திருக்கும்.

மார்ச் 6

கட்டிலிலிருந்து இறங்கியே தீருவேன் என்ற பெரியவரை ‘வயதுக் குழப்பம்’ என்று ஒப்படைத்தார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிப்பதேயில்லை. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் ஒரே இரவில் மூப்படைந்துவிடுவதில்லை. சர்க்கரை 112, சாச்சுரேஷன் (இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 96, காய்ச்சல் இல்லை. அடிவயிற்றைத் தொட்டபோது சிறுநீர்ப்பை தொப்புளை எட்டிப் புடைத்திருந்தது. குழாய் போட்டதும் 900 மில்லி வெளியேறியது, அரைமணியில் உறங்கிவிட்டார்.

மார்ச் 9, இரவுப் பணி

மாலையில் வாந்தியோடு சேர்ந்த இளைஞர் மூச்சு வாங்குவதைப் பார்த்துப் ‘பதற்றம்’ என்று எழுதியிருந்தார்கள். சாச்சுரேஷன் 99 என்று காட்டியதால் எவரும் கவலைப்படவில்லை. மூன்று மணிக்கு, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவர் மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணினேன்: 34. வேகத்தைவிட ஆழம்தான் உறுத்தியது. ஓடி வந்தவரைப் போல ஒவ்வொரு மூச்சையும் அடிவரை இழுத்து விட்டார். பதறுபவரின் மூச்சு பேச்சுக் கொடுத்தால் சற்றுத் தணியும். இவர் கண்ணயர்ந்தபோதும் தணியவில்லை. ஆஸ்துமாவாக இருந்தால் வீசிங் கேட்க வேண்டும், நிமோனியாவாக இருந்தால் கரகரப்பு. இரு நுரையீரல்களும் தெளிவாக இருந்தன. நுரையீரலில் இரத்தக்கட்டி என்றாலும் ஒலி தெளிவாகவே இருக்கலாம் என்பதால் கால் வீக்கமும் தேடினேன், இல்லை. நாக்கு வறண்டு, மூச்சில் அழுகிய பழத்தின் வாடை. குளுக்கோமீட்டர் எண்ணே காட்டாமல் ‘ஹை’ என்றது. இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலப் பொருளான கீட்டோன் சிறுநீரில் நிரம்பியிருந்தது. இரத்தத்தில் சேர்ந்த அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியேற்றத்தான் உடல் அப்படி மூச்சிழுத்துக்கொண்டிருந்தது. சலைன் ஓட, பொட்டாசியம் அளவு வந்த பிறகே இன்சுலின் தொடங்கினோம்.

விடியலில் அவருடைய பதிவுத்தாளைப் புரட்டினேன். மாலையிலிருந்து ஐந்து முறையும் மூச்சு எண்ணிக்கை 20 என்றே இருந்தது. அவற்றில் இரண்டு என் கையெழுத்து.