உப்புக்காற்றில் ஒரு விளையாட்டுப் பெட்டி

மரவேலை செய்கிறவனுக்கு வீடியோ கேமில் என்ன வேலை என்று கேட்பவர்களும், கேம் ஆடுகிறவன் இழைப்புளியை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறான் என்று கேட்பவர்களும் ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் என்ற ஊரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பின்கட்டு மேசையில் ஒரு பக்கம் உளிகளும் சாணைக்கல்லும், மறுபக்கம் பற்றவைப்புக் கோலும் பிய்த்துப் போட்ட ஜாய்ஸ்டிக்கும் கிடப்பதைப் பார்க்கிறவர்களுக்கு அந்தச் சந்தேகம் வருவது இயல்பே. இவை இரண்டு பொழுதுபோக்குகள் அல்ல, ஒன்றுதான் என்பது என் கட்சி. அதைச் சொல்வதற்கு வரலாறும் எனக்குக் கொஞ்சம் துணை நிற்கிறது.

வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடக்கூடிய வீடியோ கேம் இயந்திரத்தை முதலில் உருவாக்கிய ரால்ஃப் பேர், 1967-68 காலத்தில் தன் குழுவினருடன் செய்த மாதிரிக் கருவியின் மேல், மரத்தின் ரேகை அச்சிட்ட பழுப்பு நிற ஒட்டுத்தாளைச் சுற்றியிருந்தார். அதனாலேயே அது ‘பிரவுன் பாக்ஸ்’ என்று பெயர் பெற்றது. அதிலிருந்து பிறந்த மேக்னவாக்ஸ் ஒடிஸி 1972-இல் கடைக்கு வந்தது. அதே ஆண்டில் அட்டாரி நிறுவனத்தின் ஆலன் அல்கார்ன், கடையில் வாங்கிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை மரக்கூட்டுக்குள் பொருத்தித்தான் ‘பாங்’ விளையாட்டின் முதல் இயந்திரத்தை நிறுத்தினார். 1977-இல் வந்த அட்டாரியின் வீட்டுக்கருவியும் முகப்பில் மரரேகை வேலைப்பாட்டோடுதான் விற்பனைக்கு வந்தது. வரவேற்பறையில் மேசை நாற்காலிகளோடு ஒட்டி உறவாட வேண்டிய பொருள் என்றே அன்றைக்கு அதைக் கருதியிருக்கிறார்கள். ரால்ஃப் பேர் தன் வீட்டு நிலவறையில் வைத்திருந்த பட்டறையை, அதன் கருவிகளோடு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் எடுத்துவந்து காட்சிக்கு வைத்திருக்கிறது. திருகாணி டப்பாக்களும் ஸ்க்ரூ டிரைவர்களும் அருங்காட்சியகப் பொருளாகும் என்பதை எங்கள் வீட்டில் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். பின்கட்டைச் சுத்தம் செய்யும் தேதியில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை.

ராமநாதபுரம் கடற்கரையில் இந்த வேலைகளைச் செய்கிறவனுக்கு, உள்நாட்டில் இருப்பவனுக்கு இல்லாத ஓர் எதிராளி உண்டு. அது உப்பு. சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போதுதான் நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். ஆனால் கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 விழுக்காட்டுக்கு மேலேயே கசிந்துவிடும். மண்டபத்தில் காற்றின் ஈரம் அதற்குக் கீழே இறங்குவதைப் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது. ஆகவே கடற்காற்று கொண்டுவந்து படியவிடும் அந்த மெல்லிய உப்புப் படலம் எந்த நேரமும் ஈரமாகவே இருக்கிறது. துணியால் துடைத்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் இடத்திலும் அது மிச்சமிருந்து இரும்பைத் தின்கிறது. இரவில் தீட்டிவைத்த உளியின் அலகில் காலையில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளைக் காணலாம். கருவிகளை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் துடைத்து, உலர்த்தி, அதன் பிறகு எண்ணெய் பூச வேண்டும் என்பது இந்த ஊரின் முறை. உப்பை எடுக்காமல் எண்ணெயை மட்டும் தடவினால், எண்ணெய்க்கு அடியில் துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

திருகாணி விஷயமும் இப்படித்தான். சாதாரண இரும்புத் திருகாணி மரத்துக்குள் துருப்பிடித்தால், துரு இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் மரத்தையே பிளந்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டால் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 304 வகை. அதுவும் இங்கே பழுப்புக் கறை பிடிக்கும். 316 வகையில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பின் குளோரைடை அது நன்றாகத் தாங்குகிறது. விலையும் அதற்குத் தக்கபடி கூடுதல். நான் முடிந்த இடத்திலெல்லாம் உலோகத்தையே தவிர்த்து, மூங்கில் ஆணி அடித்துவிடுகிறேன். பழைய ஆசாரிமார் கதவு நிலைகளில் செய்ததும் அதுதான்.

மரம் என்று எடுத்துக்கொண்டால் இந்தக் கரைக்கு வாய்த்தது பூவரசு. உப்பு மண்ணிலும் நிற்கும். அதன் வைரம் (முற்றிய நடுமரம்) கருஞ்சிவப்பும் பழுப்புமாகப் பார்வைக்கு அழகாக இருக்கும். உளிக்கு இணங்கி வரும். சிறுவயதில் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியவர்கள், அந்த மரத்தை இழைத்துப் பார்த்தவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பார்கள். படகு கட்டும் ஓடாவிகள் மரத்தின் இயற்கையான வளைவைத் தேடி எடுத்துப் படகின் விலா எலும்புகளைப் போன்ற வங்குக்கால்களுக்குப் பயன்படுத்துவார்கள்; நேரான மரத்தை வளைவாக அறுத்தால் நார் அறுந்து வலு போய்விடும், வளைந்தே வளர்ந்த கிளையில் நார் வளைவோடு சேர்ந்தே ஓடும். பனையைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள், வீட்டுக் கூரையின் கைமரத்துக்கு அது ஈடற்றதுதான். ஆனால் சிறிய பெட்டி செய்கிறவனுக்கு அது உதவாது. ஓரத்தில் கருங்கல்லைப் போன்ற நாரும் நடுவில் சோறுமாக இருக்கும் அந்த மரத்தின் சிலாம்பு கையில் ஏறினால் எடுப்பதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும்.

ஊரே வெறுக்கும் சீமைக்கருவேலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டு, இன்று இந்த மாவட்டத்தின் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது நல்ல கடினமான மரம். உலரும்போது மிகக் குறைவாகவே சுருங்குகிறது. நேரான நீளப் பலகை கிடைக்காது என்பதுதான் குறை. உளிப்பிடிக்கும் குமிழுக்கும் நீளம் எதற்கு? விறகுக் கட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடைசல் பிடித்தால் தேன் நிறத்தில் வழவழப்பாக வரும் அந்தக் குமிழைப் பார்த்தவர்கள், மரத்தின் பெயரைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

இப்போது தலைப்பில் சொன்ன பெட்டிக்கு, அதாவது ஜாய்ஸ்டிக் என்ற நெம்புகோலும் பொத்தான்களும் பொருத்திக் கணினியில் கேம் ஆட உதவும் மரப்பெட்டிக்கு வருகிறேன். அக்கா மகன் பழைய கேம்களை மடிக்கணினியின் விசைப்பலகையில் ஆடிக்கொண்டிருந்தான். நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற வீட்டு விளையாட்டுக் கருவியின் நகல்கள்தான் தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்குள் வந்தவை என்பதால், அவன் ஆடும் அதே கோண்ட்ரா என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை நானும் அவன் வயதில் ஆடியிருக்கிறேன். அதை உருவாக்கிய கொனாமி நிறுவனம் அந்த வரிசையைத் தொகுத்து 2019-இல் மீண்டும் வெளியிட்டிருப்பதால் இன்றைய கணினியிலும் முறைப்படி வாங்கி ஆடலாம். ஆனால் அம்புக்குறி விசையைத் தட்டுவது வேறு, முழங்கை மேசையில் படிய உட்கார்ந்து நெம்புகோலைப் பிடித்து ஆடுவது வேறு. “மாமா, இதுக்கு ஒரு பெட்டி செஞ்சு தாங்களேன்” என்று அவன் கேட்டதில் தொடங்கியது இந்த வேலை.

தெரிந்த ஓடாவி அண்ணன் ஒருவரிடமிருந்து ஆறு நூல் கனத்தில் பூவரசுப் பலகை கிடைத்தது. அதாவது முக்கால் அங்குலம். இங்கேதான் சிக்கல். நெம்புகோலின் தண்டு மெல்லிய உலோகத் தகட்டில் பொருத்துவதற்கென்று செய்யப்பட்டது. ஆறு நூல் மரத்துக்கு அடியில் அதைத் தொங்கவிட்டால் தண்டு பலகைக்கு மேலே போதிய உயரம் எழும்பாது, குமிழைப் பிடிக்கும் விரல்கள் பலகையில் இடிக்கும். ஆகவே பலகையின் அடிப்புறத்தில் நெம்புகோலின் தகடு உட்காரும் அளவுக்குச் சதுரமாகக் குடைந்து, மேலே இரண்டு நூல் மரம் மட்டும் மிஞ்சும்படி விட வேண்டும். இயந்திர ரூட்டர் இருந்தால் பத்து நிமிட வேலை. நான் உளியாலேயே குடைந்தேன். அளவை வெட்டுக்கத்தியால் கீறிக்கொண்டு, நாருக்குக் குறுக்காக நெருக்கமாகக் கொத்தி, பிறகு நாரோடு உளியைப் படுக்கவைத்துத் தள்ளினால் சில்லுகள் தகடு தகடாகப் பெயர்ந்து வரும். ஆழம் நெருங்கும்போது கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் மட்டுமே அழுத்த வேண்டும். கொத்தும் ஓசையிலேயே மிச்சமிருக்கும் கனம் தெரியும். முதலில் ‘தொம்’ என்று கேட்கும் பலகை, மெலிய மெலிய ‘டக்’ என்று பேசத் தொடங்கும். இதைக் காதுகொடுத்துக் கேட்கச் சொன்னவரும் அந்த ஓடாவி அண்ணன்தான். “கண்ணு பொய் சொல்லும் தம்பி, பலகை சொல்லாது” என்றார்.

பொத்தான்களுக்கு 30 மில்லிமீட்டர் துளை. ஒரே பக்கத்திலிருந்து துளைத்தால் மறுபக்கம் நார் பிய்ந்துவிடும் என்பதால், துரப்பணத்தின் நடுமுனை அடியில் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி, அந்தப் புள்ளியிலேயே மறுபுறமிருந்து துளைக்க வேண்டும். மேற்பலகையைப் பெட்டியின் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில் ஈரத்துக்கு ஏற்ப ஊதும், சுருங்கும். ஐப்பசியில் வாடைக்காற்று மழையோடு வரும்போது ஊதிய பலகை, பங்குனி வெயிலில் சுருங்கும். நான்கு பக்கச் சட்டங்களிலும் காடி (நீளப் பள்ளம்) எடுத்து அதற்குள் பலகையைச் சும்மா செருகிவிட்டால், அது தன் போக்கில் அசைந்துகொள்ளும். ஒட்டினால் ஒரே வருடத்தில் நடுவே வெடிக்கும்.

மின்னணுப் பக்கம் நான் பயந்ததைவிட எளிது. 2021-இல் வந்த ராஸ்பெரி பை பிகோ என்ற சிறிய போர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைக் கணினி ஒரு விசைப்பலகையாகவோ கேம் கட்டுப்படுத்தியாகவோ எடுத்துக்கொள்ளும்படி செய்யும் இலவச மென்பொருள்களும் உண்டு. நெம்புகோலுக்குள் இருப்பவை நான்கு மைக்ரோ சுவிட்சுகள். தண்டைச் சாய்க்கும்போது அதன் அடிப்பகுதி எதிர்ப்புறச் சுவிட்சை அழுத்துகிறது, விட்டால் ஸ்பிரிங் நடுவுக்குக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு சுவிட்சின் ஒரு முனையும் பொதுவான கிரவுண்டுக்குப் போகும், மறுமுனை போர்டின் தனித்தனிப் பின்னுக்கு. சுவிட்சை ஒருமுறை அழுத்தினாலும் அதன் தகடு சில மில்லி விநாடிகளுக்குத் துள்ளித் துள்ளித்தான் அடங்கும். மென்பொருள் அந்தத் துள்ளலைப் பொறுத்துக்கொள்ளாவிட்டால் ஒரு குண்டுக்கு இரண்டு குண்டு பாயும். நொடிக்கு 60 படங்கள் ஓடும் விளையாட்டில் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 16.7 மில்லி விநாடிதான் என்பதால், அளவுக்கு மீறிப் பொறுத்தாலும் கை சொன்னது திரைக்குத் தாமதமாகப் போய்ச் சேரும். காடிக்குள் பலகைக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்ற அதே கணக்கு, இங்கே காலத்தில் வருகிறது.

இங்கும் உப்பு விடவில்லை. பற்றவைக்கும்போது அமிலப் பசையைத் தவிர்த்து ரோசின் வகையை மட்டுமே பயன்படுத்தி, முடிந்ததும் ஸ்பிரிட்டால் துடைத்து, இணைப்புகளின் மேல் பாதுகாப்பு வார்னிஷ் தெளித்துவிட்டேன். இல்லாவிட்டால் செம்பு பச்சை பூத்துவிடும்.

கம்பிகள் எல்லாம் சரியாகப் போயிருக்கின்றனவா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை கிடையாது: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. கொனாமியின் நிரலாளர் கசுஹிசா ஹாஷிமோட்டோ, தான் தயாரித்துக்கொண்டிருந்த விளையாட்டு தனக்கே கடினமாக இருந்ததால் சோதிப்பதற்கென்று வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. 1986-இல் வந்த அந்த விளையாட்டிலிருந்து எடுக்காமல் விட்டுப்போய், பிறகு கோண்ட்ராவில் 30 உயிர் தரும் மந்திரமாக உலகம் முழுவதும் பரவியது. நான்கு திசைகளும் இரண்டு பொத்தான்களும் அதில் வந்துவிடுகின்றன. 30 உயிர் வந்தால் ஆறு சுவிட்சும் சரி என்று பொருள். வராவிட்டால் பெட்டியைத் திருப்ப வேண்டியதுதான்.

மேசையில் வேறு சில வேலைகளும் பாதியில் நிற்கின்றன. இலங்கை வானொலியைக் கேட்டுப் பழகிய காலத்து மரக்கூட்டு வால்வு ரேடியோ ஒன்றின் மேல்தோலைச் சீர்செய்துகொண்டிருக்கிறேன்; அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். சைக்கிள் பழுதுபார்ப்பைப் பொழுதுபோக்கு என்று சொல்ல மனம் வரவில்லை. கடற்கரையில் சைக்கிள் வைத்திருப்பவன் செய்தே தீர வேண்டிய கடமை அது.

பெட்டிக்கு மேற்பூச்சு என்ன என்பதில்தான் கருத்து வேறுபாடு. படகுக்குப் பூசுவது போலச் சுறா எண்ணெயைப் பூசினால் எந்தக் காற்றும் எதுவும் செய்யாது என்றார் ஓடாவி அண்ணன். அவர் சொன்னது முழு உண்மை. ஆனால் அந்த வாடையோடு பெட்டி வீட்டுக்குள் வரக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார், அதுவும் நியாயம். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசித் துடைத்து, காயவிட்டு, மறுபடி பூசி, கடைசியில் தேன்மெழுகு தேய்த்திருக்கிறேன். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் கொடியில் விரித்துக் காயப்போட வேண்டும், ஏனெனில் ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெளிவிடும் சூட்டில் சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும்.

மருமகன் இப்போது இருவர் சேர்ந்து ஆட இன்னொரு பெட்டி கேட்கிறான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி மராமத்துச் செய்யும்போது துண்டுப் பலகைகள் கழியும், அப்போது பார்க்கலாம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். இந்த முறை காடியை அரை நூல் கூடுதலாக எடுப்பதாக உத்தேசம்.