நூறு யென் ஒயினும் பத்து டாலர் ஒயினும்

ஜப்பானின் கிளை உணவகங்களுள் விலைமலிவுக்குப் பெயர்பெற்றது சாய்செரியா. இத்தாலிய உணவு வழங்கும் இந்நிறுவனத்துக்கு நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள் உள்ளன. சீருடை அணிந்த பள்ளி மாணவர்களும், கைக்குழந்தையுடன் வரும் தம்பதியரும், வேலை முடிந்து தனியே வந்து அமரும் அலுவலர்களும் ஒரே கூடத்தில் உண்ணும் இடம் அது. அங்கே ஒரு கிளாஸ் ஒயின் 100 யென். தெருவோரத் தானியங்கி இயந்திரத்தில் ஒரு பாட்டில் தேநீர் வாங்கினால்கூட அதைவிடக் கூடுதலாகும். டோக்கியோவுக்கு வரும் நண்பர்களை அங்கே அழைத்துச் சென்றால், விலைப்பட்டியலைப் பார்த்ததும் அவர்களுக்கு முதலில் ஐயமே எழுகிறது. இந்த விலைக்கு விற்பது குடிக்கத்தக்கதாக இருக்குமா என்று கேட்கிறார்கள். இருக்கும் என்பதே என் பதில். ஆனால் அதற்குச் சற்று விளக்கம் தேவை.

120 மில்லிலிட்டர் கிளாஸ் 100 யென், கால் லிட்டர் குடுவை 200 யென், அரை லிட்டர் குடுவை 400 யென், ஒன்றரை லிட்டர் மேக்னம் பாட்டில் 1,100 யென். எதை வாங்கினாலும் மில்லிக்கு விழும் விலை பெரிதாக மாறுவதில்லை. கூடுதலாகக் குடிக்கத் தூண்டும் சலுகை எதுவும் இதில் ஒளிந்திருக்கவில்லை. மேக்னம் கணக்கின்படி வழக்கமான 750 மில்லி அளவுக்கு 550 யென் ஆகிறது. அதில் மதுவரி 75 யென்னும் நுகர்வு வரி 50 யென்னும் போக எஞ்சும் 425 யென்னுக்குள், இத்தாலியத் திராட்சைத் தோட்டக்காரர் முதல் மேசையில் கொண்டுவந்து வைக்கும் பணியாளர் வரை அனைவருக்கும் உரியது அடங்க வேண்டும்.

2019 பிப்ரவரியில் ஜப்பானுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான பொருளாதாரக் கூட்டாண்மை உடன்பாடு நடைமுறைக்கு வந்தபோது, ஒரு பாட்டிலுக்கு ஏறத்தாழ 94 யென் வரை விதிக்கப்பட்டுவந்த இறக்குமதித் தீர்வை நீங்கியது. எனினும் 100 யென் கிளாஸ் அதற்கு முன்பே இருந்ததால், முழுப் பெருமையையும் உடன்பாட்டுக்குக் கொடுத்துவிட முடியாது. நிறுவனம் இத்தாலியிலிருந்து தானே நேரடியாக ஒயினை இறக்குமதி செய்துகொள்கிறது. அதைவிட முக்கியமாக, அதை ஆடம்பரப் பொருளாகக் கருதி லாபத்தை அதன் தலையில் ஏற்றுவதில்லை. சிபா மாகாணத்து இச்சிகாவாவில் 1967இல் சிறு கடையாகத் தொடங்கிய நிறுவனர் ஷோகாக்கி யாசுஹிகோ, ஆள் வராத கடையில் விலையை ஏறத்தாழ எழுபது விழுக்காடு குறைத்தபின் வாசலில் வரிசை நின்றதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பாடம் ஒயின் பட்டியலிலும் தெரிகிறது.

அமெரிக்கக் கிளை உணவகங்களில் வேறொரு கணக்கு நடக்கிறது. மொத்த விலைக்கு வாங்கிய பாட்டிலின் அடக்கத்தை அதிலிருந்து ஊற்றும் முதல் கிளாஸே மீட்டுவிட வேண்டும் என்பது அங்குள்ள உணவகத் தொழிலில் பரவலாகப் பின்பற்றப்படும் வழக்கம். 10 டாலருக்கு வந்த பாட்டில் என்றால் கிளாஸ் 10 டாலர். 5 அவுன்ஸ் வீதம் ஊற்றினால் ஐந்து கிளாஸ் கிடைக்கும். அதற்கு மேல் உணவகச் சிப்பந்திக்கு அன்பளிப்பும் தர வேண்டும். சாதாரண ஒயினுக்குக் கூட்டரசு விதிக்கும் வரி பாட்டிலுக்கு ஏறத்தாழ 21 சென்ட்தான் என்பதால், பழியை வரியின்மேல் போட இடமில்லை. 1933இல் மதுவிலக்கு நீங்கியபின் உருவான முறைப்படி தயாரிப்பாளருக்கும் உணவகத்துக்கும் நடுவே மொத்த விற்பனையாளர் ஒருவர் பெரும்பாலும் கட்டாயமாக இருப்பது ஒரு காரணம்; உணவின் குறைந்த லாபத்தை மதுவால் ஈடுகட்டும் பழக்கம் அதைவிடப் பெரிய காரணம். சட்டம் இடங்கொடுக்கும் ஊர்களில் ஆலிவ் கார்டன் சிப்பந்திகள் சுவைபார்க்கச் சிறிது ஊற்றித் தருவது மட்டும் எனக்குப் பிடித்த வழக்கம்.

தரத்துக்கு வருவோம். இன்றைய மலிவு ஒயின்களில் தயாரிப்புக் குறை இருப்பது அரிது. பெரிய ஆலைகளின் துருப்பிடிக்காத எஃகுக் கலங்களும் குளிரூட்டலும் அந்தக் காலத்து விபத்துகளைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டன. கெடுவது பெரும்பாலும் உணவகத்தில்தான். திறந்த பாட்டில் இரண்டு மூன்று நாள்களில் காற்றுப்பட்டு வாடிவிடும். சமையலறைக்கு அருகில் அடுக்கிவைத்த சிவப்பு ஒயின் வெதுவெதுப்பாக வந்து சாராய நெடி வீசும். ஒரு விமான நிலையத்துக் கிளை உணவகத்தில் எனக்கு வந்த 14 டாலர் கிளாஸில் காடியின் வாடை எழுந்தது. அதே பட்டியலின் மிக மலிவான ஒயினைக் கேட்டிருந்தால், அன்றே திறந்ததாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். வேகமாக விற்றுத்தீரும் ஒயினே இத்தகைய இடங்களில் பாதுகாப்பானது. சாய்செரியாவின் பலமும் அதுதான்: 100 யென் என்பதால் எல்லோரும் வாங்குகிறார்கள், எல்லோரும் வாங்குவதால் எதுவும் தேங்குவதில்லை. சிவப்பு ஒயினையும் குளிரவைத்தே தருகிறார்கள். தூய்மைவாதிகள் முகம் சுளிக்கலாம். ஆனால் இவ்வளவு மெலிந்த ஒயினுக்கு அந்தக் குளிர்ச்சி நன்மையே செய்கிறது.

மெலிந்தது என்று வேண்டுமென்றே சொல்கிறேன். அதில் ஆழம் கிடையாது. விழுங்கியபின் நாவில் தங்கும் சுவை அநேகமாக இல்லை. வெறும் வாயில் பருகினால் புளிப்பு மட்டுமே முன்னால் நிற்கும். ஆனால் அரோஸ்திச்சீனி என்னும், இத்தாலியின் அப்ருட்சோ வட்டாரத்துக் கம்பியில் கோத்துச் சுட்ட ஆட்டிறைச்சியையோ, தக்காளிச் சாறில் முழுகிய பாஸ்தாவையோ உண்ணும்போது, கொழுப்பைக் கழுவி அடுத்த கவளத்துக்கு வாயை ஆயத்தப்படுத்தும் வேலையை அந்தப் புளிப்பு செவ்வனே செய்கிறது. வெள்ளை ஒயின் மட்டும் குடுவையில் வெப்பமேற ஏறத் தட்டையாகிவிடும். ஆகவே அதைக் கால் லிட்டருக்கு மேல் வாங்குவதில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பவர்கள் 1,100 யென் விலையுள்ள வெர்டிக்கியோ என்னும் இத்தாலிய வெள்ளை ஒயின் பாட்டிலை நாடலாம். என் கணிப்பில் பட்டியலிலேயே காசுக்கு மிகுதியான சுவை அதில்தான்.

சிங்கப்பூரிலும் சாய்செரியா உண்டு. அங்கே வாழும் தமிழ் நண்பர்கள் இதே கணக்கை எதிர்பார்க்கக் கூடாது. அங்கு ஒயினில் உள்ள தூய மதுசாரத்தின் லிட்டருக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) உற்பத்தி வரி விதிக்கப்படுவதால், 13 விழுக்காட்டு ஒயின் பாட்டில் ஒன்றுக்கு அந்த வரி மட்டுமே 8 வெள்ளி 58 காசு ஆகிறது. இது மேலே சொன்ன 550 யென்னைவிடக் கூடுதல். பாட்டிலின் விலை எதுவானாலும் வரித்தொகை மாறாது என்பதால் அதன் பாரம் மலிவான ஒயின்மீதே அதிகம் விழுகிறது. அங்கே சற்று விலைகூடிய பாட்டிலைக் கேட்பதே காசுக்கு ஏற்ற தேர்வு.