டொக்கு வைக்கும் டெக்

யார் யாருடன் மோதுவது என்ற பட்டியல் வெளியானதும் எல்லோரும் ஓடிப்போய்த் தங்கள் பெயரைத் தேடுவார்கள். என் பெயருக்கு எதிரே தன் பெயர் இருப்பதைப் பார்த்தவர் மட்டும் முதலில் பாத்ரூம் போய்விட்டு வருவார். என்னோடு உட்கார்ந்தால் சீக்கிரம் எழுந்திருக்க முடியாது என்று பழக்கப்பட்டவர்களுக்குத் தெரியும்.

விளையாட்டு, போக்கிமான் கார்டு. என்னிடம் இருந்தது அடிக்காத டெக்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு 60 கார்டு, அந்தக் கட்டுதான் டெக். தொடக்கத்திலேயே 6 கார்டைப் பார்க்காமல் கவிழ்த்துத் தனியே வைத்துவிட வேண்டும். அவைதான் பிரைஸ். எதிராளியின் போக்கிமானை வீழ்த்தினால் நம் பிரைசிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், ஆறையும் எடுத்தவர் ஜெயித்தார். விளையாட வரும் பையன்களில் பலர் இதற்கு மேல் விதிகளைப் படிப்பதில்லை. ஆனால் இன்னொரு வரியும் இருக்கிறது. தன் டர்ன் தொடங்கும்போது கட்டிலிருந்து எடுக்கக் கார்டு இல்லாதவர் தோற்றார். என் பிழைப்பு மொத்தமும் அந்த ஒரு வரியில்தான் ஓடியது.

அதற்குக் கூட்டாளி ஸ்னார்லாக்ஸ். கார்ட்டூன் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். 460 கிலோ எடை, தின்பதும் தூங்குவதும்தான் வேலை. போக்கிமான் உலகத்துக் கும்பகர்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1996-இல் ஜப்பானில் வெளியான முதல் வீடியோ கேமிலேயே இது நடுவழியில் படுத்துக்கொண்டு யாரையும் போகவிடாது, புல்லாங்குழல் ஊதி எழுப்ப வேண்டும். 2022-இல் வந்த ஒரு கார்டில் அந்தக் குணத்தை அப்படியே விதியாக்கி அச்சடித்துவிட்டார்கள். ஸ்னார்லாக்ஸ் முன்னால் நிற்கும்வரை, எதிராளியின் முன்னால் நிற்கும் போக்கிமான் பின்வாங்க முடியாது.

சண்டை போடுவது முன்னால் நிற்கும் ஒன்று மட்டும்தான். மற்றவை பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். பெஞ்சில் எல்லாமே சண்டைக்காரர்களும் இல்லை, கார்டு தேடித் தருவதற்காகவே வந்து உட்கார்ந்திருக்கும் நோஞ்சான்களும் உண்டு. அதில் ஒன்றை இழுத்து முன்னால் நிறுத்திவிட்டு, எதிரே என் ஆளைப் படுக்க வைத்துவிட்டால் வேலை முடிந்தது. கூட்டமான 29சி பஸ்ஸில் இறங்கும் வழியில் ஒருவர் நகராமல் நின்றுவிட்டால், பின்னால் இருப்பவர் எவ்வளவு பெரிய பலசாலியாக இருந்தும் என்ன பயன்? அப்புறம் இருவரும் ஆளுக்கொரு கார்டு எடுப்போம், முடித்தேன் என்போம், மறுபடி எடுப்போம். யார் கட்டு முதலில் தீருகிறது என்பதுதான் ஆட்டம்.

ஏன் இப்படி ஒரு டெக் என்று கேட்பவர்களிடம் என் தொழிலைச் சொல்வேன். நான் ஆடிட் ஆபீசில் இருக்கிறேன். நாம் எதுவும் செய்யாமல், அடுத்தவர் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் உங்களிடம் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுப்பது எனக்குக் கைவந்த கலை.

2024-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணா நகரில் ஒரு மாடிக் கடை, உள்ளே வரிசையாக மேசைகள். எனக்கு வாய்த்த எதிராளி ஏழாம் வகுப்புப் பையன். கூடவே அம்மா, தாத்தா. கார்டுகளுக்கெல்லாம் புத்தம்புது ஸ்லீவ் போட்டிருந்தான். கட்டைக் கலைத்த வேகத்தைப் பார்த்தால் என்னைவிட நன்றாக ஆடுவான் என்று தெரிந்தது.

அவனுடையது சாரிஸார்ட் டெக். அந்த ஆண்டு பாதி மேசைகளில் அதுதான் இருந்தது. 330 உயிர்ப்புள்ளி, தீயைக் கக்கினால் குறைந்தது 180 அடி. என் முதல் ஸ்னார்லாக்ஸின் 150 புள்ளியும் ஒரே மூச்சில் கருகியது. பையன் ஒரு பிரைஸ் எடுத்துவிட்டுத் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தான்.

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. கவுண்டர் கேச்சர் என்று ஒரு கார்டு உண்டு, எதிராளியின் பெஞ்சிலிருந்து நமக்குப் பிடித்ததை முன்னால் இழுக்கலாம். பிரைசில் பின்தங்கியிருப்பவர்தான் அதைப் போட முடியும். ஆறுக்கு ஐந்து என்று நான் பின்தங்கியாயிற்று. இரண்டாவது ஸ்னார்லாக்ஸை முன்னால் வைத்தேன், கேச்சரைப் போட்டேன், அவன் பெஞ்சில் கிடந்த லூமினியனை இழுத்தேன்.

லூமினியன் ஒரு மீன். பெஞ்சில் இறங்கும்போது உதவிக் கார்டு ஒன்றைத் தேடித் தரும், அதோடு அதன் கடமை முடிந்தது. அது அடிக்க வேண்டுமானால் தண்ணீர் எனர்ஜி கார்டு வேண்டும். பையன் டெக்கில் இருந்ததெல்லாம் நெருப்பு.

"மீனா?" என்று சிரித்தான். அதைப் பின்னால் அனுப்பக் கையை வைத்தான். நான் ஸ்னார்லாக்ஸ் கார்டில் இருந்த வரியைக் காட்டினேன். குனிந்து படித்தான். அப்புறம் எடுத்து வைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தான்.

பதறவில்லை, அதைச் சொல்ல வேண்டும். அவன் பெஞ்சில் பிட்ஜாட் என்ற பறவை இருந்தது. டர்னுக்கு ஒரு முறை கட்டைத் திறந்து எந்தக் கார்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் வரம். முன்னால் இருப்பதை மாற்றும் ஸ்விட்ச் கார்டு ஒன்று கையில் வந்தால் போதும், மீன் தப்பித்துவிடும், அடுத்த நிமிடம் நான் சாம்பல். கட்டை விசிறியாக விரித்தான். இடமிருந்து வலமாகப் பார்த்தான். கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு வலமிருந்து இடமாகப் பார்த்தான். அடித்துப்போட்ட கார்டுகளையும் பார்த்தான். மெதுவாக அவன் கண், கவிழ்ந்து கிடந்த ஐந்து பிரைஸ்மேல் போய் நின்றது.

ஒரே ஒரு ஸ்விட்ச்தான் போட்டிருக்கிறான், அது பிரைசுக்குள் மாட்டிக்கொண்டது. பிரைஸ் எடுக்க என் ஸ்னார்லாக்ஸை வீழ்த்த வேண்டும். வீழ்த்தச் சாரிஸார்ட் முன்னால் வர வேண்டும். வர வேண்டுமானால் மீன் நகர வேண்டும். மீன் நகர ஸ்விட்ச் வேண்டும். இந்தச் சுற்று அவன் முகத்தில் ஓடி முடிந்ததை நான் நேரில் பார்த்தேன். இந்த டெக்கை ஆடுவதே அந்த ஒரு நொடிக்காகத்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பரமானந்தம்.

அடுத்தடுத்த டர்ன்களிலும் வேறு ஏதாவது வழி கிடைக்குமா என்று பிட்ஜாட்டை வைத்துத் தேடினான். தேடத் தேடக் கட்டுதான் மெலிந்தது. புரிந்ததும் நிறுத்திவிட்டான். வேண்டுமென்றே இழுத்தடித்திருந்தால் ரவுண்டு நேரம் முடிந்து, அதற்கப்புறம் கிடைக்கும் 3 டர்னும் போய், ஆட்டம் டிரா ஆகியிருக்கும், மெதுவாக ஆடினால் நடுவர் கண்டிப்பார் என்பது வேறு விஷயம். அவன் அப்படி நினைக்கவே இல்லை. ஒரு கார்டு எடுத்தான், "முடிச்சேன்" என்றான். நானும் எடுத்தேன், முடித்தேன்.

"என்னடா நடக்குது?" என்றார் தாத்தா.

"அங்கிள் டொக்கு வைக்கிறாரு தாத்தா."

தாத்தாவுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. "1975 வேர்ல்டு கப்ல கவாஸ்கர் இப்படித்தான். இங்கிலாந்து 334 அடிச்சிருக்கான். நம்மாளு 60 ஓவரும் நின்னு 36 நாட் அவுட்!"

"எத்தனை பால் தாத்தா?"

"174." சொல்லும்போது அவர் என்னைத்தான் முறைத்தார்.

"ஜெயிச்சோமா?"

"எங்கே!"

"அங்கிள் ஜெயிச்சுருவார் போலிருக்கே தாத்தா."

இந்த இடத்தில்தான் அம்மா உள்ளே வந்தார். "சார், அவனுக்கு நாலு மணிக்கு இந்தி மத்யமா கிளாஸ். இது எப்போ முடியும்?"

"அவன் கட்டு தீர்ந்ததும் முடிஞ்சிரும்மா."

பையன் எண்ணிப் பார்த்துவிட்டுப் பதினொன்று என்றான். அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "யாராவது ஒருத்தர் விட்டுக் கொடுத்துடுங்களேன்."

"நான் மாட்டேன்" என்றான் பையன். உடனே அம்மாவின் பார்வை என் பக்கம் திரும்பியது. "சார், நீங்க பெரியவங்க."

"அம்மா, நான் ஜெயிச்சிட்டு இருக்கேன்."

"அப்படித் தெரியலையே சார்" என்றார் உண்மையான குழப்பத்தோடு. பக்கத்து மேசையில் இருவர் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

அப்புறம் அவர் பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். தட்டை. "வீட்ல செஞ்சது. எடுத்துக்குங்க சார். எடுத்துக்கிட்டு, குழந்தைதானே, கொஞ்சம்..."

எங்கிருந்தோ நடுவர் பாய்ந்து வந்தார். நடுவர் என்றால் கழுத்தில் அட்டை மாட்டிய கல்லூரி மாணவர். "ஆண்ட்டி, ஆண்ட்டி! மேட்ச் நடக்கும்போது விட்டுக் கொடுக்கச் சொல்லி எதுவும் கொடுக்கக் கூடாது. லஞ்சம் ஆயிடும்!"

"தட்டையா?"

"எதுவா இருந்தாலும் ஆண்ட்டி."

விதி உண்மையில் அப்படித்தான். முடிவை மாற்றுவதற்காக எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் போட்டியை விட்டே வெளியேற்றலாம். நான் இரண்டு கையையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேசைமேல் வைத்துக்கொண்டேன். டப்பா பக்கத்து நாற்காலிக்குப் போனது. தாத்தா மட்டும் ஒன்றை எடுத்துக் கடித்தார். பார்வையாளர் சாப்பிடக் கூடாது என்று விதி இல்லை போலிருக்கிறது, நடுவர் சும்மா நின்றார்.

மிச்ச டர்ன்கள் வேகமாகப் போயின. கடைசிக் கார்டையும் எடுத்துவிட்டுப் பையன் முடித்தேன் என்றான். நான் ஒன்று எடுத்து முடித்தேன். அவன் கை பழக்கத்தில் கட்டு இருந்த இடத்துக்குப் போய், வெறும் விரிப்பைத் தடவிவிட்டு வந்தது. அவன் பெஞ்சில் 330 புள்ளியோடு சாரிஸார்ட், ஒரு கீறல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

"இப்படிக்கூட ஜெயிக்கலாமா?" என்று நடுவரிடம்தான் கேட்டான். அவர் தலையாட்டினார். கை குலுக்கினோம். அம்மா டப்பாவைத் திரும்ப நீட்டி, "இப்போ எடுத்துக்கலாம்ல?" என்று நடுவரிடம் அனுமதி வாங்கினார். கடலைப்பருப்பு தாராளமாகப் போட்ட தட்டை. கிளம்பும்போது, "அடுத்த தடவை வேற டெக் கொண்டு வாங்க சார்" என்றார். "சரிங்கம்மா" என்றேன்.

அடுத்த ரவுண்டில் ஒரு கல்லூரிப் பெண் பெஞ்சில் நோஞ்சான் எதையும் இறக்காமல், ஸ்விட்ச் கார்டுகளையும் ஏராளமாக வைத்துக்கொண்டு, டீ ஆறுவதற்குள் என்னை அனுப்பிவிட்டார். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அம்மாவிடம் சரி என்றேனே தவிர டெக்கை மாற்றவில்லை. நான் செய்யாததைக் கம்பெனி செய்தது. போட்டியில் எந்தக் கார்டு செல்லும் என்பதற்குக் கார்டின் மூலையில் ஓர் எழுத்து இருக்கும். 2025 ஏப்ரலில் எஃப் எழுத்துக் கார்டுகளுக்கு ஓய்வு கொடுத்தார்கள். ஸ்னார்லாக்ஸும் அதில் போயிற்று. இணையத்தில் பலர் கொண்டாடினார்கள்.

அதற்கப்புறம் அதே கடையில் அதே பையன் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். கொஞ்சம் உயரமாகியிருந்தான், டெக் மட்டும் சாரிஸார்ட்தான். "அங்கிள், ஸ்னார்லாக்ஸ் இப்போ செல்லாதே" என்று சந்தோஷமாகச் சொன்னான்.

"தெரியும் தம்பி" என்று சொல்லிக் கார்னர்ஸ்டோன் ஓகர்பானை முன்னால் வைத்தேன். முகமூடி போட்ட குட்டிப் பிசாசு. எபிலிட்டி, அதாவது பிட்ஜாட்டுக்கு இருந்தது போன்ற வரம், இருக்கும் எந்தப் போக்கிமான் அடித்தாலும் அதற்கு வலிக்காது.

இந்த முறை அவனே கார்டை வாங்கிப் படித்தான். படித்துவிட்டுத் தன் சாரிஸார்டை எடுத்து, அதில் எபிலிட்டி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்தான். எழுதியிருந்தது.

"தாத்தா! மறுபடியும் டொக்கு!"

தாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பின்னாலேயே அம்மா வந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

"மத்யமா பாஸ் பண்ணிட்டான் சார். இப்போ ராஷ்ட்ரபாஷா. கிளாஸ் நாலரைக்கு."