வோல்ட் சரி, ஆம்பியர் சரி, பேனல் மட்டும் சரியில்லை

மாமா வீட்டு மொட்டை மாடியிலிருந்து இரண்டு பழைய 100 வாட் சோலார் பேனல்களைக் கழற்றிக்கொண்டு வந்தேன். "பேனல் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு மாப்ள, பேட்டரிதான் சரியா ஏற மாட்டேங்குது" என்று சொல்லிச் சொல்லியே பேட்டரியை ஒருமுறை மாற்றிவிட்டார்.

பின்பக்க ஸ்டிக்கரில் திறந்த நிலை வோல்ட் (எதையும் மாட்டாதபோது வரும் வோல்ட்) 22.3, ஷார்ட் ஆம்பியர் (இரு முனைகளையும் நேராக இணைத்தால் ஓடும் கரன்ட்) 6.0. என்னிடம் இருப்பது மலிவு விலை மஞ்சள் மல்டிமீட்டர். மதியம் 12 மணிக்கு வைத்தால் இரண்டிலும் 19.8 வோல்ட். ஸ்டிக்கர் கணக்கு 25 டிகிரியில் எடுத்தது. நம் ஊர் வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தொடும், சூடு ஏறினால் வோல்ட் இறங்கும். மறுநாள் காலை 7 மணிக்கு அதே பேனல்கள் 21 காட்டின. இளவெயிலிலேயே இவ்வளவு காட்டுவதால், வோல்ட்டை மட்டும் பார்த்து பேனல் வாங்குவது வீண் வேலை.

அடுத்து ஆம்பியர். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேனலின் இரு முனைகளிலும் நேராக வைத்தேன். 5.2, 5.1. பேனல் தன் அளவுக்கு மேல் தராது என்பதால் ஷார்ட் செய்தாலும் பயமில்லை. பயம் அதற்கப்புறம்தான். ஒயரைத் திரும்ப மாற்ற மறந்து பேட்டரி வோல்ட் பார்க்கப் போனேன். பட்டென்று பொறி, புரோப் முனை உருகி மொட்டையாகிவிட்டது. அந்தத் துளைக்கு உள்ளே ஃபியூஸ் கிடையாது.

இரண்டு சோதனையிலும் இரண்டு பேனலும் பாஸ். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பழைய கார் ஹெட்லைட் பல்பு ஒன்று, 55 வாட், கிடந்தது. அதை மாட்டி, எரியும்போதே வோல்ட் பார்த்தேன். முதல் பேனல் 12.8. இரண்டாவது 8.3, வெளிச்சமும் மஞ்சளாக.

அந்த இரண்டாவது பேனலில் மொத்தம் 36 செல், நாலு வரிசை. இரண்டு வரிசைக்கு ஒன்றாக இரண்டு பைபாஸ் டயோடு, அதாவது ஒரு பாதி வேலை செய்யாவிட்டால் கரன்ட் அதைச் சுற்றிக்கொண்டு போக வழிவிடும் டயோடு. சாக்கை மடித்து இடது பாதியை மூடினேன், பல்பில் ஒரு மாற்றமும் இல்லை. வலது பாதியை மூடினால் இழை லேசாகச் சிவந்ததோடு சரி. ஆக, இடது பாதி வேலையே செய்யவில்லை. குனிந்து பார்த்தால் இரண்டாவது வரிசையில் ஒரு செல்லில், செல்களை இணைக்கும் உலோகப் பட்டை சேரும் இடத்தில் கருகிய தடம், சுண்டுவிரல் நகம் அளவு.

மின்சாரம் ஓடாதபோது அந்தக் கெட்ட இணைப்பில் வோல்ட் குறையாது. ஷார்ட் செய்தால் நல்ல பாதியின் கரன்ட் டயோடு வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. அதனால்தான் மீட்டர் இரண்டு முறையும் ஏமாந்தது, நானும்தான். பல்பு எரியும்போது ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். ஒரு டயோடு சுட்டது, மற்றது சும்மா இருந்தது.

கண்ணாடிக்குள் இருக்கும் பட்டையைச் சால்டர் செய்ய வழியில்லை. மிச்சப் பாதியே போதும் என்று வோல்ட்டைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் ஒன்றை மாட்டி 5 வோல்ட்டுக்கு இறக்கி, போன் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறேன். மாமாவிடம் பேட்டரி விஷயத்தை இன்னும் சொல்லவில்லை.