ரோலரில் காய்ந்த சாறும் ராத்திரிக் கழுவலும்

தேயிலை ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, கழுவுவது என்றால் பலருக்குத் தரைதான் கண்ணில் படும். தரை பளபளக்கும். கொழுந்தை உருட்டும் ரோலர் இயந்திரத்தின் மேசையில் வரம்பு வரம்பாக நிற்கும் பித்தளைப் பேட்டன்களுக்கு அடியில் விரல் விட்டுப் பாருங்கள், கறுப்பாகப் பிசுபிசுக்கும். நேற்றைய கொழுந்துச் சாறு அது. அதில் பெருகும் பக்டீரியா இன்றைய தூளில், அதாவது உருட்டிச் சலித்த ஈர இலையில், ஏறினால் தேநீர் மங்கிப்போகும், புளிப்பு வாடையும் தட்டும்.

கடைசி ரோல் இறங்கியதும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சாறு காயும் முன் கழுவத் தொடங்க வேண்டும். கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் நாளில் இலங்கையின் பண்டாரவளைப் பக்கம் அரை மணி தாமதித்தாலும் கெட்டியாகிவிடும். ஒட்டிய இலையை முதலில் மரக்கட்டையால் சுரண்டி எடுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். உதிரும் கம்பி தூளோடு போய்விடும். பிறகு தண்ணீர் அடித்து, நைலோன் பிரஷால் மூலை மூலையாகத் தேய்க்க வேண்டும். உருட்டிய இலைக் கட்டியை உடைத்துச் சலிக்கும் ரோல் பிரேக்கரின் வலை, தூள் பரப்பும் தட்டு, டைல் இடுக்கு எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

அதற்குப் பிறகுதான் குளோரின். அழுக்கின் மேல் ஊற்றினால் அழுக்கே அதைத் தின்று தீர்த்துவிடும். 33 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் 100 லீற்றருக்கு 60 கிராம் போதும், ஏறக்குறைய 200 பீபீஎம், அதாவது பத்து லட்சம் பங்கு நீரில் 200 பங்கு குளோரின், வரும். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு மேல் நீரை மட்டும் எடுங்கள். அடியில் நிற்பது சுண்ணாம்பு. பத்து நிமிடம் ஊறியதும் நன்றாக அலச வேண்டும். அலசாவிட்டால் தேயிலையில் குளோரின் வாடை ஏறும், பித்தளையும் அரிக்கும். அலசும் தண்ணீர் ஓடையிலிருந்து நேரே வருவதாக இருந்தால் பட்ட பாடு வீண். குடிக்கக்கூடிய தண்ணீராக இருக்க வேண்டும்.

காய்ந்த தேயிலையைத் தரம் பிரிக்கும் சல்லடை இயந்திரங்களுக்குத் தண்ணீரே ஆகாது. உலர் பிரஷ், வெக்யூம் கிளீனர், அவ்வளவுதான்.

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜூன், ஜூலை மழையில் கழுவியது விடிந்தாலும் காயாது. துணியால் துடைத்து, ஃபேன் போட்டு, தட்டுகளைச் சரித்து வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் பூஞ்சணம் பிடிக்கும். கழற்றிய சல்லடைகளைப் பெயின்ட், மண்ணெண்ணெய் இருக்கும் அறையில் வைக்கவே கூடாது, தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும்.

இரண்டு மூன்று நாள் பூட்டிக் கிடந்த ஸ்டோரில், கொழுந்து ஏற்றும் முன் பச்சைத் தண்ணீரில் இன்னொரு முறை அலசித் துடைத்துவிட்டு, முதல் ரோலின் தூளைத் தனியாக எடுத்து தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ருசி பார்க்கட்டும்.