ஆர்எஸ் மோட்டாருக்கு முன்விளக்கு: பல்புக்கு முன்னால் வயர்

லிந்தாங் சாலையில் இருட்டிய பிறகு மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தைத் தாண்டிவிட்டால் இருபுறமும் செம்பனைதான். மாடு சாலை நடுவிலேயே படுத்து அசைபோடும். குலை ஏற்றிப்போன லோரியிலிருந்து சிந்திய பழங்கள் தாரில் நசுங்கி வழுக்கும். மழை வேறு. இந்தச் சாலைக்கு என் பழைய பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ்ஸின் முன்விளக்கு போதவே இல்லை. டிம்மில் போட்டால் முன்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மஞ்சளாக ஒரு வட்டம். ஹைபீமில் போட்டால் வெளிச்சமெல்லாம் செம்பனை ஓலைக்கு.

மோட்டாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆர்100ஆர்எஸ் 1976-ல் வெளிவந்த மாடல். 980 சிசி, 70 குதிரைத்திறன். ஹான்ஸ் மூத் வடிவமைத்த அதன் ஃபேரிங்கை, அதாவது காற்றை விலக்குகிற முன்பக்க மூடியை, இத்தாலியில் பினின்ஃபரீனாவின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்துத் திருத்தினார்கள். மணிக்கணக்கில் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு நெஞ்சில் காற்று அடிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த வண்டி அது. என்னுடையது ஒரு தோட்ட மானேஜர் வைத்திருந்தது. பிறகு கை மாறி என் மாமாவிடம் வந்து, அவர் வீட்டுக் கொட்டகையில் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் பல வருடம் நின்றது. எஞ்சின் வேலை தனிக் கதை, அதை இங்கே எழுதவில்லை.

இந்த ஃபேரிங் ஹேண்டலோடு சேர்ந்து திரும்பாது, வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இறுகியிருக்கும். விளக்கும் அதற்குள்ளேயே, சாய்ந்த ஒரு வெளிக்கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. கப்சாய் என்கிற சின்ன மோட்டாரில் வளைவில் ஹேண்டலைத் திருப்பினால் வெளிச்சமும் கூடவே திரும்பும். இதில் மூக்கு எங்கே பார்க்கிறதோ அங்கேதான் வெளிச்சம். ஆகவே வளைந்து வளைந்து போகிற தோட்டச் சாலையில் நேராக எவ்வளவு தூரம் அடிக்கிறது என்பதைவிட, பக்கவாட்டில் எவ்வளவு விரிகிறது என்பதுதான் முக்கியம்.

கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றே: “எல்இடி போடு லா, வேலை முடிஞ்சிடும்.” எனக்கு மட்டும் முதலில் அளந்து பார்க்காமல் காசு செலவழிக்க மனம் வரவில்லை. உள்ளே இருந்ததும் மோசமான பல்பு இல்லை. சாதாரண எச்4 ஹாலஜன், ஹைபீம் 60 வாட், டிம் 55 வாட். ஐரோப்பிய விதிப்படி 13.2 வோல்ட்டில் அது ஹைபீமில் 1,650 லூமனும் டிம்மில் 1,000 லூமனும் தர வேண்டும். எத்தனையோ கார்கள் அந்த வெளிச்சத்தில்தான் ஓடின. என் வண்டியில் மட்டும் அது ஏன் சாமி விளக்கு மாதிரி எரிகிறது?

மல்டிமீட்டரை எடுத்தேன். எஞ்சினைப் போட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் பிடித்து, விளக்கை எரியவிட்டு அளந்தால் பேட்டரியில் 13.6 வோல்ட். விளக்கின் சாக்கெட்டில் 12.0. நடுவில் 1.6 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. எங்கே போனது என்று பார்க்க, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும் மறுமுனையை சாக்கெட்டின் பிளஸ்ஸிலும் வைக்க வேண்டும். அப்போது அந்தப் பாதையில் விழுகிற வோல்ட் மட்டும் தெரியும். அதில் 1.0. அதேபோல மைனஸ் பக்கம் பார்த்தால் 0.6. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும் என்பது முக்கியம். கரண்ட் ஓடாதபோது அளந்தால் எல்லா வயரும் நல்ல வயர் போலத்தான் காட்டும்.

1.6 வோல்ட் தானே என்று தோன்றும். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட் குறைகிற அளவுக்கு மட்டும் குறைவதில்லை. ஏறக்குறைய 3.4-ஆம் படியில் சரிகிறது. வோல்ட் நூற்றுக்குப் பத்து குறைந்தால் வெளிச்சம் நூற்றுக்கு முப்பது போய்விடும். என் கணக்கில் 13.6-க்குப் பதில் 12.0 என்றால், வரவேண்டிய வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வயராலேயே போய்விடுகிறது. மஞ்சள் நிறத்துக்கும் அதுதான் காரணம். இழை போதிய சூடு ஏறாமல் சிவக்கிறது.

பட்டணத்தில் கார் வயரிங் செய்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார், லோரி, டிராக்டர் எல்லாம் பார்ப்பார். அவரிடம் ஓட்டிப்போய்க் காட்டினேன். ஃபேரிங்குக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, “இது கம்பெனி வயரே இல்ல தம்பி, எவனோ நடுவுல வெட்டி ஒட்டியிருக்கான்” என்றார். மெல்லிய வயர், முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள், உள்ளே பச்சை பூத்த செம்பு. மைனஸுக்குத் திரும்புகிற எர்த் வயர் அதைவிட மோசம். ஃபேரிங் ஃபைபர் கிளாஸ். இரும்புக் கூடு இருந்தால் போல்ட் வழியாகவாவது எர்த் கொஞ்சம் கிடைக்கும். இதில் அந்த வழியே கிடையாது. ஒற்றை மெல்லிய வயர் சுற்றிச் சுற்றிப் போய்த் துருப்பிடித்த ஒரு திருகில் முடிந்திருந்தது.

அதற்கு மருந்து ரிலே, சின்னக் கரண்டைக் கொடுத்தால் பெரிய கரண்டைத் திறந்துவிடுகிற மின்சுவிட்ச். இரண்டு வாங்கினேன், டிம்முக்கு ஒன்று, ஹைபீமுக்கு ஒன்று. கார் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் கிடைக்கிற சாதாரண நாலு கால் ரிலேதான், கால்களுக்கு 30, 85, 86, 87 என்று எண் உண்டு. பழைய டிம் வயரும் ஹைபீம் வயரும் இனி பல்புக்குப் போகாமல் ரிலேயின் 86-க்கு வருகின்றன. 85 எர்த்துக்கு. பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 30-க்கு. 87-லிருந்து பல்புக்கு. எர்த்தும் அதே தடிப்பில் நேராக பேட்டரி மைனஸுக்கு. 60 வாட் என்றால் சுமார் 5 ஆம்பியர். அது இனி ஹேண்டலில் இருக்கிற பழைய சுவிட்ச் வழியாகப் போகாது. சுவிட்ச் ரிலேயைத் தட்டி எழுப்ப மட்டும் ஒரு துளி கரண்ட் கொடுக்கிறது. இந்தச் சுவிட்ச் கெட்டால் இன்னொன்று தேடுவதற்குள் உயிர் போய்விடும் என்பதால் எனக்கு அது இரட்டை நிம்மதி.

ரிலேயை எங்கே மாட்டுவது என்பதில்தான் நேரம் போனது. விளக்குக்குப் பின்னால் நிறைய இடம் இருப்பதுபோல் தெரியும். ஹேண்டலை முழுதாகத் திருப்பினால் கேபிள்கள் வந்து அத்தனை இடத்தையும் நிரப்பிவிடும். மழைத் தண்ணீரும் ஏதாவது ஒரு வழியில் உள்ளே வரத்தான் செய்யும். கடைசியில் ஃபேரிங்கைத் தாங்குகிற இரும்புக் குழாயில் அலுமினியத் தகட்டால் ஒரு கிளிப் செய்து, ரிலேக்களின் கால்கள் கீழே பார்க்கிற மாதிரி மாட்டினோம். தண்ணீர் பட்டாலும் வழிந்துவிடும்.

மறுபடி அளந்தபோது சாக்கெட்டில் 13.3. பல்பு அதே பல்பு. கணக்குப்படி முன்பைவிட நூற்றுக்கு நாற்பது அளவுக்கு வெளிச்சம் கூடியிருக்க வேண்டும். கண்ணுக்கும் அப்படித்தான் தெரிந்தது, மஞ்சள் போய் வெளுப்பு வந்திருந்தது. 100/90 வாட் பல்பு போடலாமே என்று ஒரு நண்பர் ஆசை காட்டினார். இந்த வண்டியின் ஆல்டர்னேட்டர் மொத்தமே 280 வாட், அதுவும் எஞ்சின் நன்றாகச் சுற்றும்போதுதான். பட்டணத்தில் சிக்னலில் நின்றால் அது தன் செலவுக்கே திணறும். நம் நாட்டில் 1992-லிருந்து மோட்டார் என்றால் பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். ஆக, இந்தச் சுமை நாள் முழுக்க இருக்கும்.

எல்இடி குறைந்த கரண்டே எடுக்கும் என்ற அந்த ஒரு காரணத்துக்காக அதையும் ஒதுக்கிவிடாமல் இரவல் வாங்கிப் பார்த்தேன். எச்4 சாக்கெட்டில் அப்படியே சொருகுகிற வகை. டப்பாவில் போட்டிருந்த லூமன் எண்ணிக்கையைப் பார்த்தால் அரங்கத்துக்கே போதும். சுவரில் அடித்தால் வெளிச்சம் அதிகம்தான், ஆனால் வடிவம் இல்லை. எச்4 பல்பில் டிம் இழைக்குக் கீழே சின்னக் கிண்ணம் போல ஒரு தகடு உண்டு. அது கீழ்ப்பக்கம் போகிற வெளிச்சத்தை மறைத்து, ரிஃப்ளெக்டரின் மேல்பாதியை மட்டும் வேலை செய்ய வைக்கும். அப்படித்தான் எதிரே வருகிறவர் கண்ணுக்கு மேலே போகாத ஒரு கோடு கிடைக்கிறது. எல்இடியில் இழை இருந்த இடத்தில் சரியாகச் சில்லு இல்லையென்றால் கோடு கரைந்துவிடும். இதில் கரைந்தேவிட்டது. எதிரே நிறுத்திய தம்பி கையால் முகத்தை மறைத்துக்கொண்டான். வால்பக்க மின்விசிறியும் நீண்டு, ரப்பர் மூடி உட்காரவில்லை.

அப்புறம் முழு 7 அங்குல எல்இடி விளக்கு ஒன்றையும் வைத்துப் பார்த்தோம். அதன் கோடு கத்தி மாதிரி கூர்மை. நெடுஞ்சாலையில் ஈப்போ வரைக்கும் போய்வர அருமையாக இருந்தது. தோட்டச் சாலையில்தான் எனக்குப் பிடிக்கவில்லை. குழியில் விழுந்து எழும்போதெல்லாம் அந்தக் கோடு மேலும் கீழும் குதிக்கிறது. கோட்டுக்கு அந்தப்பக்கம் ஒன்றுமே தெரிவதில்லை. சாய்ந்த வெளிக்கண்ணாடியில் பட்டு ஒரு பேய் நிழலும் வருகிறது. நீலம் கலந்த வெள்ளை என்பதால் மழையில் துளிகள்தான் பளிச்சென்று தெரிகின்றன, சாலை இல்லை. கப்சாயில் பட்டணத்துக்குள் ஓடுகிறவர்கள் தாராளமாகப் போடலாம். எனக்கு வேண்டாம்.

இந்தச் சோதனைகளுக்காக விளக்கைக் கழற்றியபோதுதான் அதன் கண்ணாடியைச் சரியாகப் பார்த்தேன். ஐரோப்பிய முத்திரை உள்ள விளக்குகளில் ஓர் அடையாளம் உண்டு. முன்னால் நின்று பார்ப்பவரின் வலப்பக்கம் நோக்கி ஓர் அம்புக்குறி இருந்தால் அது நம்மைப்போல இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. இருபக்கமும் அம்பு இருந்தால் மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். அம்பே இல்லையென்றால் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. என் விளக்கில் அம்பு இல்லை. டிம் வெளிச்சம் சாலையோரப் பக்கம் 15 டிகிரி மேலேறுவதுபோலக் கண்ணாடியில் வரி போட்டிருப்பார்கள். ஜெர்மனியில் ஓரம் வலப்பக்கம், இங்கே அது எதிரே வருகிறவரின் பக்கம். இடது ஓரம் இருட்டாக இருப்பதும், லோரிக்காரர் ஹைபீம் அடித்துத் திட்டுவதும் இதனால்தான்.

மாற்று விளக்கு தேடி வெளிநாட்டுக்கு எழுத வேண்டியிருக்கவில்லை. தோட்டங்களில் ஓடிய பழைய லேண்ட்ரோவர்களுக்கும் 7 அங்குல வட்ட விளக்குதான். அம்புக்குறியுள்ள எச்4 வகை ஒன்று ஈப்போவில் கிடைத்தது. விட்டம் ஏறக்குறைய ஒன்று, விளிம்பு மட்டும் வளையத்தில் உட்கார மறுத்தது. பிடிக்கிற கிளிப்புகளை வளைத்து, மெல்லிய ரப்பர் பட்டை வைத்தபிறகு ஆடாமல் நின்றது. பல்பு மாட்டும்போது கண்ணாடியில் விரல் படாமல் பார்த்துக்கொண்டேன். எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் தனியாகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும். வெளிக்கண்ணாடியின் உட்பக்கம் வருடக்கணக்கான தூசியும் பூச்சிச் சிறகுகளும் ஒட்டியிருந்தன. சோப்புத் தண்ணீரில் கழுவியதே தனியாக ஒரு முன்னேற்றம்.

உயரம் சரிபார்க்கத் தோட்டத்துப் பழைய ரப்பர்ப் பால் ஸ்டோரின் வெள்ளைச் சுவர் வசதியாக இருந்தது. முன்னால் தரை சமம். சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம்மின் மேல் விளிம்பு அந்தக் கீழ்க்கோட்டில் விழ வேண்டும். ஸ்டாண்டில் போட்டுப் பார்த்தால் பயனில்லை. ஆள் ஏறி உட்கார்ந்தால் பின்பக்கம் அமிழ்ந்து மூக்கு தூக்கிக்கொள்ளும். நான் உட்கார, மாமா திருகைத் திருப்பினார். பின்னால் ஒருவரை ஏற்றிப் போகும்போது வெளிச்சம் மேலே போவதைத் தவிர்க்கக் கோட்டைவிட ஒரு விரல்கடை தாழ்த்தியே வைத்தோம்.

லிந்தாங் சாலையில் இப்போது டிம்மிலேயே இடது ஓரப் புல்லும் வாய்க்கால் விளிம்பும் தெரிகின்றன. லோரிகள் திருப்பி ஹைபீம் அடிப்பதில்லை. வளைவில் உட்பக்கம் இன்னும் கொஞ்சம் இருட்டுதான், விளக்கு திரும்பாத வண்டியில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ரிலே, வயர், ஃபியூஸ், விளக்கு எல்லாம் சேர்த்து முழு எல்இடி விளக்கின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

பாக்கி இருப்பது சிக்னலில் நிற்கும்போது வோல்ட் இறங்குவது. பேட்டரியில் 12.3-க்குப் போய்விடுகிறது, சார்ஜ் விளக்கும் மங்கலாகக் கண் சிமிட்டுகிறது. ஆல்டர்னேட்டரின் கார்பன் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும் என்று வயரிங் அண்ணன் சொல்லியிருக்கிறார். தீபாவளிக் கூட்டம் குறைந்ததும் வண்டியைக் கொண்டுபோய் விடுகிறேன்.