கீழ்வீட்டுப் பிஸ்கட் டப்பா

நவம்பர் 4
கீழ்வீட்டுக் கிழவருக்கு இன்றும் பேச்சு வரவில்லை. அவர் பூனைக்குச் சாப்பாடு வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 6
பூனை படிக்கட்டின் அடியில் இருந்த பிஸ்கட் டப்பாவை உருட்டிவிட்டது. உள்ளே, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஏர் பிஸ்டல். "எங்கப்பா 1945இல் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தது" என்று கிழவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! ஒரு தடவையும் காட்டியதில்லை. பார்த்தால் தகர பொம்மை. குழலின் வாயைத் தரையில் வைத்து அழுத்தினால் குழல் உள்ளே போய் ஸ்பிரிங் இறுகுகிறது. விசையைத் தட்டினால் குழலே முன்னால் பாயும். பின்னால் ஒரு திருகு, அதைக் கழற்றித்தான் பெல்லட், அதாவது சின்னக் குண்டு, வைக்க வேண்டும். பக்கவாட்டில் துருவுக்குள் ஒரு பெண், கையைத் தூக்கியபடி.

நவம்பர் 7
டயானா! வேட்டைத் தெய்வம். வில்லை வீசிவிட்டுத் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறாள். ராஸ்டாட் ஊரில் 1890இல் தொடங்கிய மேயர் உண்ட் கிராமெல்ஷ்பாக்கர் கம்பெனியின் முத்திரை. ஜெர்மனியேதான். நாளைக்கே போய்ச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 8
சொல்லவில்லை. தூங்கிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 10
அவசரப்பட்டுவிட்டேன். போர் முடிந்ததும் ராஸ்டாட் ஆலையின் இயந்திரங்கள் இழப்பீடாகப் பிரிட்டனுக்கு வந்திருக்கின்றன. எடுத்துக்கொண்டது ஸ்காட்லாந்தில் இதே மதர்வெல் ஊரின் மில்ப்ரோ கம்பெனி. இயந்திரங்களோடு டயானா என்ற பெயரும் வந்துவிட்டது. அதே மாடல்கள், அதே பெண். ஜெர்மன்காரர்கள் 1950இல் மறுபடி தொடங்கியபோது, சொந்தப் பெயரைப் பிரிட்டனில் போட முடியாமல் 'ஒரிஜினல்' என்று போட்டு விற்றார்களாம். வயிற்றெரிச்சலில் வைத்த பெயர். ஆக, முத்திரையை நம்பிப் பயனில்லை, எழுத்துதான் சொல்ல வேண்டும். 'மேட் இன்' வரை தெரிகிறது. அப்புறம் துரு.

நவம்பர் 11
கம்பி பிரஷ் கூடாது, எழுத்தே போய்விடும். மண்ணெண்ணெய், பழைய பனியன்.

நவம்பர் 12
இரவு இரண்டு மணி. தூக்கம் இல்லை. 2016 டிசம்பர் 31இலிருந்து ஸ்காட்லாந்தில் ஏர் பிஸ்டலுக்கும் லைசென்ஸ் வேண்டும். கிழவரிடம் இருந்திருக்குமா? டிவி லைசென்ஸுக்கே ஒரு வருஷம் சண்டை போட்ட மனிதர். என்னிடமும் இல்லை. அது இப்போது என் சமையலறை மேஜையில் கிடக்கிறது. குண்டு பாயும் ஆற்றல் 1 ஜூலுக்குள் இருந்தால் சட்டம் தொடாது. இந்தத் தகரம் 1 ஜூலைத் தாண்டுமா? சுட்டு அளந்தால்தான் தெரியும். சுடத்தான் பயமாக இருக்கிறது. போலீஸில் ஒப்படைத்துவிடலாம். கொடுத்துவிட்ட பிறகு கிழவர் வந்து கேட்டால்? வருவாரா?

நவம்பர் 13
பூனையும் சாப்பிடவில்லை.

நவம்பர் 14
'மேட் இன்'னுக்கு அடுத்த எழுத்து வந்துவிட்டது. 'ஜி'.
ஜெர்மனிக்கும் ஜி. கிரேட் பிரிட்டனுக்கும் ஜி. தலையில் அடித்துக்கொண்டேன்.

நவம்பர் 15
'ஆர்'.
சரி. 1945 இல்லை, ஜெர்மனியும் இல்லை. மில்ப்ரோ செய்தது. இயந்திரங்கள் இங்கே வந்ததற்கு முந்தியதாக இருக்கவே முடியாது. ஜெர்மனியிலிருந்து வந்தது அந்தப் பெண்ணும் இயந்திரங்களும்தான். அவர் அப்பா போருக்கு அப்புறம் எங்கே வேலை பார்த்தார்? இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை.

நவம்பர் 17
கண் திறந்தார். இடது கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டு, கோணிய வாயால் ஏதோ சொன்னார். 'டப்பா' என்று என் காதில் விழுந்தது. "பத்திரமா இருக்கு" என்றேன். ஜெர்மனி என்றாரோ? எழுத்துகளைத் துடைத்ததைச் சொல்லவில்லை.

நவம்பர் 18
பனியனைக் குப்பையில் போட்டேன். நாளை போலீஸ் ஸ்டேஷன். இல்லை, திங்கட்கிழமை.